பிடிமானம்

முப்பத்தொரு வருடம் ரீகாவின் டிராம்களில்
டிக்கெட் கிழித்தேன்.
ஒரு கை காசுக்கு, ஒரு கை காகிதத்துக்கு;
பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லை.
பாலத்தின் மேல் டௌகவா நதியின் காற்று பெட்டியைத் தள்ளும்.
வளைவு வந்தால் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வார்கள்,
விளைந்த கம்பு மாதிரி.
நான் மட்டும் பையை வயிற்றோடு அணைத்தபடி
நின்று சில்லறை எண்ணுவேன்.

போன மார்ச்சில் விழுந்தது பனியில் அல்ல.
பனியில் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.
சமையலறையில், காய்ந்த தரையில்,
கெட்டில் கத்துகிறதே என்று திரும்பினேன்.
அவ்வளவுதான்.
கூரை விளக்கை அந்தக் கோணத்தில்
அதுவரை பார்த்ததில்லை.
கண்ணாடிக் குடுவைக்குள் மூன்று ஈக்கள் செத்துக் கிடந்தன.
கெட்டில் கத்திக்கொண்டே இருந்தது.
மணிக்கட்டு இரண்டு இடத்தில்.

மருத்துவர் காதுக்குள் பார்த்தார், பாதத்தைத் தட்டினார்.
"எலும்பு கூடிவிடும் வெல்தா அம்மா,
நடு உடம்புதான் தூங்கிவிட்டது" என்றார்.

ஆகவே செவ்வாய்க்கிழமைகளில்
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
நாங்கள் பதினோரு பேர்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
கவிழ்ந்த வண்டுகளாகக் கிடக்கிறோம்.
வலது கை தலைக்குப் பின்னால், இடது கால் நீட்டி.
இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே
ஒரு டிக்கெட் கூட நுழையக் கூடாது.
ராய்திஸ், முப்பது வயதிருக்கும்,
"மூச்சை அடக்காதீர்கள், அடக்காதீர்கள்" என்று
எங்கள் தலைகளுக்கு நடுவே நடக்கிறான்.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி
இரண்டு பிள்ளைகளையும் ஒரு பியானோவின் தவணையையும்
கரையேற்றியவள் நான்.
வயிற்றைக் கட்டு என்றால்
ராத்திரிச் சாப்பாட்டை விடு என்றுதான் தெரியும்.
இவன் கேட்பது வேறு.
தொப்புளுக்குப் பின்னால் எங்கோ
ஒரு கயிறு இருக்கிறதாம்,
தேடிப் பிடித்து இழுக்க வேண்டுமாம்.
முதல் மாதம் கயிறே அகப்படவில்லை.
இரண்டாம் மாதம் அகப்பட்டது; தும்மினேன், போய்விட்டது.

யூனியன் கூட்டத்தில் ஒற்றைக்காலில் நின்று
கம்பளி வைத்த பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவள்,
பல் துலக்கும் நேரம் ஒற்றைக்காலில் நிற்க
வாஷ்பேசினைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.
ஔஸ்மா ஏமாற்றுகிறாள்,
இடுப்பைச் சுவர் ஏணியில் சாய்த்துக்கொண்டு
எங்களை வேடிக்கை பார்க்கிறாள்.
இமாந்த்ஸ் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்தவர்.
கால் தூக்கி நின்றால்
சத்தமாக எண்ணுவார்,
ஏழுக்கு அப்புறம் ஒன்பது.
தினமும்.
யாரும் திருத்துவதில்லை.

நவம்பரில் ஒரு நாள்,
மெஷாபார்க்ஸ் போகும் டிராம்.
ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான்.
இரண்டு நிறுத்தம்தானே என்று
கம்பியைப் பிடித்துக் கதவோரம் நின்றேன்.
பரிசோதகர் ஏறினாள்.
கையுறை, கண்ணாடி, பைக்குள் ரொட்டி,
ரொட்டிக்குக் கீழே சோயிக்கீரை,
அதற்கும் கீழே எங்கோ அட்டை.
துழாவினேன்.
அட்டையை வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்து
நன்றி என்று நகர்ந்துவிட்டாள்.
வெளியே கல்லறைத் தோட்டத்து மரங்கள்
வலமிருந்து இடமாகத் திரும்பி முடித்திருந்தன.
வளைவு போய்விட்டது.
என் இரண்டு கையும் பைக்குள்.

அப்போதுதான் பயம் வந்தது.
கம்பியைப் பாய்ந்து பிடித்தேன்.
சில்லென்றிருந்தது.
இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டி
பிடித்தபடியே போனேன்.

செவ்வாய்க்கிழமை சொன்னபோது
ராய்திஸ் கேட்டான், எத்தனை விநாடி?
நான் எண்ணவில்லை.
எட்டு, என்றார் இமாந்த்ஸ்,
பாயைச் சுருட்டிக்கொண்டே.